எழுத்தழிந்த பாகங்கள்: பழைய கருவியிலிருந்து எடுத்ததை இன்னதென்று எப்படி அறிவது?

பழைய ரேடியோ, தொலைக்காட்சி, ஆய்வகக் கருவி என்று எதைப் பிரித்தாலும் உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவற்றைப் பழகிய கண் உடனே சொல்லிவிடும். ஒன்றிரண்டு மட்டும் அடம்பிடிக்கும். எழுத்து பாதி அழிந்த மூன்று கால் உலோகத் தொப்பி, ஆறு நிறப்புள்ளிகள் வைத்த பழுப்புச் சதுரம், எந்தப் பட்டியலிலும் அகப்படாத எண் பொறித்த ஐ.சி. ஆகியவை இந்த ரகம். 'இது என்ன?' என்ற கேள்விக்கு வால்வு ரேடியோ காலத்திலிருந்தே விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. எழுத்தைப் படி என்கிறார் ஒருவர். உருவத்தைப் பார் என்கிறார் இன்னொருவர். மீட்டரை வை என்பவரும் உண்டு, எங்கிருந்து எடுத்தாய் என்று திருப்பிக் கேட்பவரும் உண்டு.

இந்த விடைகள் ஒன்றோடொன்று மோதுவதற்குக் காரணம், கேள்வி உண்மையில் ஒன்றாக இல்லாததுதான் என்று தோன்றுகிறது. பாகம் எந்த வகை என்பது ஒரு கேள்வி. அதன் மதிப்பு எவ்வளவு என்பது இரண்டாவது. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் வரை தாங்கும் என்பது மூன்றாவது. மூன்றும் தெரிந்த பிறகும், இத்தனை ஆண்டு கழித்து இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா என்ற கேள்வி மிஞ்சும். ஒவ்வொரு தரப்பும் இவற்றில் ஒன்றிரண்டுக்குச் சிறப்பாக விடை சொல்லிவிட்டு, மற்றவற்றுக்கும் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

எழுத்தே சாட்சி

மிகப் பழைய தரப்பு இது, வலுவானதும்கூட. பாகத்தின் மேலுள்ள எழுத்து அதைச் செய்தவரே தந்த வாக்குமூலம். சரியாக வாசித்துவிட்டால் வகை, மதிப்பு, தாங்குதிறன் மூன்றும் தரவுத்தாளில் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். எந்த அளவைக் கருவியும் இவ்வளவு தராது.

ஆனால் எழுத்துக்கு இலக்கணம் பல. ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்து ஹீட்டரைக் குறித்தது. ஈசிசி83-இல் வரும் 'ஈ' 6.3 வோல்ட் ஹீட்டர். டிரான்சிஸ்டர் வந்தபோது அதே முறையை நீட்டி, ஹீட்டரே இல்லை என்பதற்கு 'ஓ' போட்டார்கள். ஓசி71 என்றால் ஹீட்டர் இல்லாத டிரையோடு என்று பொருள். 1966-இல் பிரஸ்ஸல்ஸில் அமைந்த புரோ எலெக்ட்ரான் புது ஒழுங்கைப் பரப்பியது. முதல் எழுத்து 'ஏ' என்றால் ஜெர்மானியம், 'பி' என்றால் சிலிக்கான். இரண்டாம் எழுத்து வேலையைச் சொல்லும்: 'சி' ஒலி அதிர்வெண்ணுக்கான சிறு டிரான்சிஸ்டர், 'டி' அதே வேலைக்கான பவர் டிரான்சிஸ்டர், 'எஃப்' ரேடியோ அதிர்வெண், 'இசட்' ஜீனர் வகை. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இதே முறையில் ஏசி128, பிசி148 என்று பொறித்ததால், நம் ஊர்ப் பழைய ரேடியோக்களில் இந்த இலக்கணம் தெரிந்தவருக்குப் புத்தகமே தேவைப்படாத இடங்கள் பல.

அமெரிக்க முறை இதற்கு நேர்மாறு. 2என்3904 என்பதில் '2' இரண்டு சந்திகளைக் குறிக்கிறது. மிச்சமெல்லாம் பதிவேட்டு வரிசை எண். அது என்பிஎன் வகை, 2என்3906 பிஎன்பி வகை என்பதைப் பட்டியலைப் பார்த்தே அறியவேண்டும். ஜப்பானிய முறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2எஸ்ஏ, 2எஸ்பி என்றால் பிஎன்பி. 2எஸ்சி, 2எஸ்டி என்றால் என்பிஎன். 2எஸ்கே என்றால் என்-சேனல் ஃபெட். ஆனால் இடம் போதாதென்று பாகத்தின் மேல் '2எஸ்' விடப்படுவதால் சி1815, டி882 என்றுதான் இருக்கும். இந்த வழக்கம் தெரியாதவர் 'டி' என்பதை டயோடு என்று எண்ணி மூன்றாவது காலைப் பார்த்துக் குழம்புவார். சோவியத் பாகங்கள் இன்னும் சிக்கனமானவை. கேடி315, கேடி361 என்ற இரண்டு சிறு டிரான்சிஸ்டர்களும் ஒரே வடிவ ஆரஞ்சுத் தட்டைகளாக வந்தன. எழுத்து ஓரத்தில் இருந்தால் முதலாவது, என்பிஎன். நடுவில் இருந்தால் இரண்டாவது, பிஎன்பி. எழுத்து நிற்கும் இடமே இங்கே எழுத்தின் வேலையைச் செய்கிறது!

நம் பாலிடெக்னிக் ஆய்வகங்களில் தலைமுறைகள் கண்ட எஸ்எல்100, எஸ்கே100, சிஎல்100 ஆகியவை இந்த இலக்கணம் எதிலும் அடங்காதவை. இந்தியாவுக்கு வெளியே தேடினால் விடை எளிதில் கிடைக்காது. இங்கே எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் முன்னது என்பிஎன், நடுவிலது பிஎன்பி என்று சொல்வார்.

எழுத்து தெளிவாக இருந்தும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. ஐ.சி. மேல் 7410 என்று இருந்தால் அது மூன்று நேண்ட் கேட் கொண்ட லாஜிக் சிப்பாக இருக்கலாம். 1974-ஆம் ஆண்டின் பத்தாவது வாரத்தில் செய்த வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆண்டு-வாரத் தேதிக் குறியும் அந்த லாஜிக் வரிசையும் ஒரே பத்தாண்டில் ஒரே போர்டில் வாழ்ந்ததால் வந்த வினை இது. செராமிக் கெபாசிட்டரில் 104 என்றால் 10-க்குப் பின் நான்கு சுழி, அதாவது 1,00,000 பிகோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட். அதே கணக்கில் 470 என்றால் 47 பிகோஃபாரட் ஆகவேண்டும். ஆனால் அப்படியே 470 பிகோஃபாரட் என்று எழுதியவர்களும் உண்டு. 104-க்குப் பின் வரும் 'கே' ஆயிரத்தைக் குறிப்பதில்லை. பத்து சதவீதப் பிழையெல்லையைக் குறிக்கிறது.

நிறக்குறியும் அவ்வளவு நேரானதல்ல. கருப்பு சுழியம், பழுப்பு 1, சிவப்பு 2 என்ற வரிசை மாறாததுபோல் தோன்றினாலும் எங்கிருந்து வாசிப்பது என்பது மாறியிருக்கிறது. 1930-களின் அமெரிக்க ரெசிஸ்டரில் வளையம் கிடையாது. உடலின் நிறம் முதல் இலக்கம், முனையின் நிறம் இரண்டாவது, நடுவிலுள்ள புள்ளி பெருக்கி. மஞ்சள் உடல், ஊதா முனை, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 47,000 ஓம். இதை அறியாமல் இடமிருந்து வலமாக வாசித்தால் வேறு எண் வரும். ஆறு புள்ளி மைக்கா கெபாசிட்டரில் முதல் புள்ளி வெள்ளையா கருப்பா என்பதைப் பொறுத்து, அது வணிகத் தரப்படி குறித்ததா ராணுவத் தரப்படி குறித்ததா என்று தெரியும். அம்புக்குறி இருக்கும் பக்கம் பார்த்துத்தான் தொடங்கவேண்டும். ரெசிஸ்டரைப் போலவே வளையம் போட்ட காயில்கள் இன்னொரு பொறி. அமெரிக்க ராணுவத் தரக் காயிலில் முதலில் வரும் அகலமான வெள்ளி வளையம் ஓர் எச்சரிக்கை. சாதாரண வணிகக் காயிலில் அதுகூட இருக்காது.

எழுத்துத் தரப்பின் ஆழமான பலவீனம் நிறுவனங்களின் உள்ளெண்கள். டெக்ட்ரானிக்ஸ் அலைகாட்டிகளில் 151-இல் தொடங்கும் எண்கள் டிரான்சிஸ்டர்கள், 152 டயோடுகள், 156 ஐ.சி.க்கள். ஹியூலெட்-பேக்கர்ட் கருவிகளில் 1853 பிஎன்பி, 1854 என்பிஎன். 151-0190 என்ற மர்ம எண்ணுக்குப் பின்னால் இருப்பது எல்லாக் கடையிலும் கிடைக்கும் 2என்3904-தான். மாற்று அட்டவணைகள் இப்படிப் பலவற்றை அவிழ்த்திருக்கின்றன. ஆனால் உள்ளெண் எப்போதும் வெறும் முகமூடி அல்ல. சில எண்கள், சந்தையிலுள்ள பாகத்திலிருந்தே ஒரு குறிப்பிட்ட பண்புக்காகச் சலித்தெடுத்தவற்றைக் குறிக்கும். அப்போது மாற்று அட்டவணை சொல்லும் பொதுப்பெயர் வகையளவில் சரி, வேலையளவில் போதாது. ராணுவக் கழிவுகளில் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. நேட்டோவின் 13 இலக்க இருப்பு எண்ணில் முதல் நான்கு இலக்கம் வகுப்பைச் சொல்லிவிடும்: 5905 ரெசிஸ்டர், 5910 கெபாசிட்டர், 5961 குறைகடத்திப் பாகம்.

உருவத்தைப் பார்ப்போர்

இரண்டாம் தரப்பு அனுபவத்தை முன்வைக்கிறது. தகடு தகடாக அடுக்கிய சதுரச் செதில்கள் என்றால் செலினியம் ரெக்டிஃபையர். வண்ணத் தொலைக்காட்சிக்குள் தட்டையாக அடைத்துவைத்த கண்ணாடித் துண்டு என்றால் பால் முறைக்கான 64 மைக்ரோவினாடித் தாமதக்கோடு. இப்படிப்பட்ட தனித்த உருவங்களுக்கு இது மிக விரைவான வழி.

பொது உருவங்களில்தான் இது சறுக்குகிறது. வட்டத் தட்டு ஒன்று செராமிக் கெபாசிட்டராகவோ வேரிஸ்டராகவோ தெர்மிஸ்டராகவோ இருக்கலாம். 2என்3055-ஐத் தாங்கும் அதே பெரிய உலோகத் தொப்பியில் வோல்டேஜ் ரெகுலேட்டரும் வந்தது. கறுப்பு அரைவட்டச் சிறு டிரான்சிஸ்டரின் தட்டை முகத்தை நம் பக்கம் திருப்பி இடமிருந்து பார்த்தால், பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். சி1815-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். உருவம் மூன்றிலும் ஒன்றேதான்.

அளந்து அறிவோர்

எழுத்து பொய்யாகலாம், உருவம் மயக்கலாம், மின்னோட்டம் பொய் சொல்லாது என்பது மூன்றாம் தரப்பின் வாதம். மல்டிமீட்டரின் டயோடு நிலையில் 0.2 முதல் 0.3 வோல்ட் காட்டினால் ஜெர்மானியமாகவோ ஷாட்கியாகவோ இருக்கலாம், 0.6 அருகில் காட்டினால் சிலிக்கான். டிரான்சிஸ்டரில் பேஸிலிருந்து இரண்டு சந்திகளையும் அளந்தால், சற்றே கூடுதலாகக் காட்டுவது பெரும்பாலும் எமிட்டர் பக்கம். 1957-இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 575 போன்ற வளைவரை காட்டிகள் இந்த வழியை முழுமையாக்கின. பாகத்தின் குணத்தையே திரையில் கோடாக வரைந்து காட்டுபவை அவை.

இன்று மலிவாகக் கிடைக்கும் மூன்று முனைச் சோதிப்பான்கள் இந்தத் தரப்பை எல்லார் மேசைக்கும் கொண்டுவந்துவிட்டன. ஜெர்மனியில் மார்க்குஸ் ஃப்ரேயெக் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் கூபெலர் விரிவாக்கிய திறந்த வடிவமைப்பே இவற்றில் பலவற்றின் மூலம். மூன்று காலையும் எந்த வரிசையில் செருகினாலும் வகையையும் கால்களின் பெயரையும் சொல்லிவிடுகிறது. பல வேளை சரியாகவே சொல்கிறது. தவறும் இடங்களைப் பார்த்தால் அதன் உள்ளமைப்பு விளங்கும். ஒவ்வொரு முனைக்கும் 5 வோல்ட்டிலிருந்து 680 ஓம் வழியாகவும் 470 கிலோஓம் வழியாகவும் மட்டுமே அது மின்னோட்டம் தர முடியும். உச்சம் சுமார் 7 மில்லியாம்பியர். மின்விசிறி வேகக் கட்டுப்பாட்டிலும் விளக்கு மங்கலாக்கியிலும் கிடைக்கும் பிடி136 டிரையாக்கின் சாதாரண வகைக்கு, தரவுத்தாள்படி கேட் மின்னோட்டம் 35 மில்லியாம்பியர் வரைகூடத் தேவைப்படலாம். ஆகவே நல்ல டிரையாக்கையும் 'தெரியாத பாகம்' என்றோ பழுது என்றோ சோதிப்பான் தள்ளிவிடக்கூடும். 5 வோல்ட்டுக்கு மேற்பட்ட ஜீனரை வெறும் டயோடு என்று சொல்லும். பழைய வண்ணத் தொலைக்காட்சியின் பியு508டி போன்ற டிரான்சிஸ்டருக்குள் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சில பத்து ஓம் ரெசிஸ்டரும், கலெக்டருக்குக் குறுக்கே டயோடும் இருப்பதால், டிரான்சிஸ்டர் மறைந்து ஒரு டயோடும் ஒரு ரெசிஸ்டரும்தான் தெரியும்.

இந்தக் குறைகளை நல்ல கருவி வாங்கித் தீர்க்கலாம். தீராத குறை ஒன்று உண்டு. தாங்குதிறனை அழிக்காமல் அளப்பது கடினம். கெபாசிட்டர் எத்தனை மைக்ரோஃபாரட் என்பதை எந்த மீட்டரும் சொல்லும். அது 25 வோல்ட்டுக்கானதா 63 வோல்ட்டுக்கானதா என்பதை அது சொல்லாது. டிரான்சிஸ்டரின் உடைவு வோல்டேஜைச் சிறு மின்னோட்டத்தில் கவனமாக அளக்கலாம் என்றாலும், கிடைப்பது அந்த ஒரு பாகத்தின் எல்லை. தயாரித்தவர் உறுதியளித்த எல்லை அன்று.

அளவீடு எதைச் சொல்கிறது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரம் ஏறி மதிப்பு கூடிவிடும். நிறம் 470 கிலோஓம் என்கிறது, மீட்டர் 560 என்கிறது. எதை நம்புவது? பாகம் இன்று எப்படி இருக்கிறது என்றால் மீட்டர். அங்கே எது இருக்கவேண்டும் என்றால் நிறம். பழுது பார்ப்பவருக்கு வேண்டியது பின்னதே. கசியும் பழைய காகிதக் கெபாசிட்டர் சாதாரண மீட்டரில் உண்மையைவிடக் கூடுதல் மதிப்பையே காட்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'மின்னோட்டம் பொய் சொல்லாது' என்ற முழக்கத்தைச் சற்றுத் தணித்தே எடுத்துக்கொள்ளவேண்டும்.

மீட்டர் வைக்கும் முன்பே அறியவேண்டியவையும் சில. மைக்ரோவேவ் அடுப்பின் உயரழுத்தக் கெபாசிட்டர் அணைத்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றத்தை வைத்திருக்கலாம். பழைய டியூப்லைட் சோக்குடன் வரும் எண்ணெய்க் கெபாசிட்டர்களில் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் இருந்திருக்கிறது; அமெரிக்கா 1979-இல் அதன் உற்பத்தியைத் தடைசெய்தது. ரேடியோ அலைவரிசைப் பவர் டிரான்சிஸ்டர்கள் சிலவற்றின் வெள்ளைச் செராமிக், பெரிலியம் ஆக்ஸைடு. முழுதாக இருக்கும்வரை தொல்லையில்லை. உடைத்துத் தூளாக்கினால் நுரையீரலுக்குக் கேடு. உடைத்துப் பார்த்துவிடுவோம் என்ற ஆர்வத்துக்கு இவை நேரான மறுப்பு.

இருந்த இடம்

நான்காம் தரப்பு, பாகத்தைப் பார்ப்பதற்கு முன் அது இருந்த போர்டைப் பார் என்கிறது. நூல்களில் இதற்குக் கிடைக்கும் இடம் குறைவு. பழகிய மெக்கானிக்குகள் பேசாமலே பின்பற்றுவது பெரும்பாலும் இதைத்தான்.

போர்டில் அச்சிட்ட ஒற்றை எழுத்தே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். வளையம் போட்ட பச்சைப் பாகத்தின் அருகே 'ஆர்' இருந்தால் ரெசிஸ்டர், 'எல்' இருந்தால் காயில். 'க்யூ' அல்லது 'டிஆர்' என்றால் டிரான்சிஸ்டர், 'ஆர்வி' என்றால் வேரிஸ்டர். மின்வழியில் ஃபியூஸை அடுத்துக் குறுக்கே நிற்கும் வட்டத் தட்டு வேரிஸ்டராகவே இருக்க வாய்ப்பு மிகுதி. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் இடப்பக்கத்து டிரான்சிஸ்டர் கருகி எழுத்தழிந்திருந்தால் வலப்பக்கத்தில் அதன் இரட்டை எழுத்தோடு நிற்கும். ஹோவர்டு டபிள்யூ. சாம்ஸ் நிறுவனம் 1946 முதல் வெளியிட்ட ஃபோட்டோஃபேக்ட் தொகுப்புகள், அமெரிக்க ரேடியோ, டிவிகளின் மின்சுற்றுப் படங்களைப் பாகப் பட்டியலோடு கொடுத்தன. கருவியின் மாடல் எண் தெரிந்தால், எழுத்தழிந்த பாகத்தின் பெயர் அங்கே அச்சில் இருக்கக்கூடும்.

அளவீட்டால் முடியாததை இந்த வழி ஓரளவு செய்கிறது என்பதே இதன் பெரிய பலம். 40 வோல்ட் வழியில் ஆண்டுக்கணக்கில் நின்ற கெபாசிட்டர் குறைந்தது 40 வோல்ட்டுக்கானது என்று கொள்ளலாம். மேல் எல்லை தெரியாது. ஆனால் மறுபடி பயன்படுத்துபவருக்கு வேண்டியது கீழ் எல்லைதான்.

இதன் ஆற்றலுக்குப் போர்க்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1943 பிப்ரவரி 2-3 இரவில் ராட்டர்டாம் அருகே வீழ்ந்த பிரிட்டிஷ் ஸ்டிர்லிங் விமானத்திலிருந்து எச்2எஸ் ரேடாரின் பகுதிகள் ஜெர்மானியர் கையில் சிக்கின. அதனுள் இருந்தது, 1940-இல் பர்மிங்காமில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய குழிவு மேக்னட்ரான் வழிவந்த செம்புக் கட்டி. மேக்னட்ரான் என்ற இனம் ஜெர்மானியருக்குப் புதிதல்ல. ஹால்மன் 1930-களிலேயே பல குழிவு மேக்னட்ரானுக்குக் காப்புரிமை கோரியிருந்தார். சுமார் 9 சென்டிமீட்டர் அலையில் இவ்வளவு ஆற்றலோடு அது ஏன் விமானத்தில் பறக்கிறது என்பதே அவர்களுக்கு முன்னிருந்த கேள்வி. அதற்கு விடை செம்புக் கட்டியை மட்டும் ஆராய்ந்து கிடைப்பதல்ல. கூடவே கிடைத்த மற்றப் பகுதிகளோடு சேர்த்து, டெலிஃபுங்கன் நிபுணர்கள் கருவியை மீண்டும் கட்டியெழுப்பவேண்டியிருந்தது.

இந்தத் தரப்பின் பலவீனம் வெளிப்படை. சால்டரை உருக்கி எடுத்த மறுகணம் சாட்சி அழிந்துவிடுகிறது. அகழாய்வில் மண்ணடுக்கைக் குறிக்காமல் எடுத்த பானையோட்டின் நிலைதான். பழைய டப்பாவில் குவிந்து கிடக்கும் பாகங்களுக்கு இந்தத் தரப்பால் சொல்ல ஒன்றுமில்லை. கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடு என்ற அறிவுரை நல்லதுதான். அநேகமாக, கழற்றிய பிறகுதான் அது நம் காதில் விழுகிறது.

எழுத்தே பொய்யாகும்போது

இவையெல்லாம் பாகம் நேர்மையானது என்று எடுத்துக்கொள்கின்றன. 2012-இல் அமெரிக்க செனட்டின் ஆயுதப்படைக் குழு வெளியிட்ட அறிக்கை, ராணுவ வழங்கல் சங்கிலியில் போலி என ஐயத்துக்குரிய பாகங்கள் சுமார் 1,800 நேர்வுகளில், 10 லட்சத்துக்கும் மேல் இருந்ததாகக் கூறியது. பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்பின் மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, வேறு எண்ணும் புதிய தேதியும் பொறிப்பது இதில் பழகிய உத்தி. அசிட்டோனில் துடைத்தால் சில பூச்சுகள் கரையும், சில கரையாது. எக்ஸ்ரேயில் உள்ளே இருக்கும் சில்லின் அளவு தெரியும். அமிலத்தில் மேலுறையைக் கரைத்துச் சில்லின் மேலுள்ள எழுத்தையே நுண்ணோக்கியில் வாசிப்பது கடைசி நீதிமன்றம். தீர்ப்பு வரும்போது பாகம் உயிரோடு இராது.

சென்னை ரிச்சித் தெருவிலோ வேறெங்கோ தேடி வாங்குபவர், தனிப் பாகத்தைவிடக் கழற்றாத போர்டை விரும்புவதற்கு இங்கே ஒரு நியாயம் கிடைக்கிறது. முதல் சால்டரோடு நிற்கும் பாகத்தின் எழுத்தை மாற்றிப் பொறிக்க யாருக்கும் காரணமில்லை.

இன்னும் தீராதவை

நான்கு தரப்பையும் எடை போட்டால், வகையைப் பொறுத்தவரை கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது எனலாம். எழுத்து, உருவம், அளவீடு மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் தவறு அரிது. மதிப்பும் அநேகமாக அப்படியே. படம் பார்த்துப் பாகத்தைச் சொல்லும் மென்பொருள்கள் உருவத் தரப்பை வேகப்படுத்தும். ஒரே உருவத்துக்குள் ஒளிந்த மூன்று கால்வரிசைகளை அவை எப்படிப் பிரிக்கும் என்பது வேறு கேள்வி.

தாங்குதிறன் அப்படித் தீரவில்லை. எழுத்தும் போர்டும் இரண்டுமே போன பாகத்துக்கு, அழிக்காமல் உறுதியான எல்லை சொல்லும் எளிய வழி இன்றும் இல்லை. எச்சரிக்கையான ஊகம் மட்டுமே சாத்தியம். ஆயுள் பற்றிய கேள்வியும் இதையே ஒட்டி நிற்கிறது: இன்று கசியாத எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் நாளை எப்படி இருக்கும் என்பதை ஒரு மாலை நேரச் சோதனை சொல்லாது.

நிரல் சுமந்த சிப்புகள் கேள்வியையே வேறாக்குகின்றன. 2764 ஈபிராமின் கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒட்டிய, கையால் எழுதிய ஸ்டிக்கர்தான் அதன் உண்மையான பெயர். கீழே அச்சிட்ட எண் அதன் கொள்ளளவை மட்டும் சொல்கிறது. பாதுகாப்பு ஃபியூஸ் எரித்த பால், கேல் லாஜிக் சிப்புகளை நேராகப் படித்தெடுக்க முடியாது. தொழிற்சாலையிலேயே நிரல் பதித்த 8051 மைக்ரோகன்ட்ரோலரின் மேல் பல வேளை வாடிக்கையாளரின் உள்ளெண் மட்டுமே இருக்கும். கால்வரிசையும் போர்டின் இணைப்புகளும் பார்த்து அது 8051 என்று சரியாகவே கண்டுபிடிக்கலாம். கடையில் அதே பெயரில் வாங்கிப் பொருத்தினால் கருவி இயங்காது. இத்தகைய பாகத்தை அடையாளம் கண்டாகிவிட்டது என்று எந்தக் கட்டத்தில் சொல்லலாம் என்பதில் பழுது பார்ப்பவர்களுக்கும் பழங்கருவிக் காப்பாளர்களுக்கும் இடையே இன்னும் உடன்பாடு இல்லை. முன்னவருக்கு இயங்கும் மாற்று கிடைத்தால் போதும். பின்னவர் உள்ளே இருக்கும் பிட்டுகளைக் கேட்கிறார்.